பெரியவர்களைக் கேட்டீர்களா? கோலாலம்பூர்த் தமிழ் அமைப்புகளின் செயலவையினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செயலவையினருக்கு வணக்கம்.

செந்தூல், பிரிக்பீல்ட்ஸ், கெப்போங், பங்சார், செராஸ் என்று இந்நகரம் முழுக்க ஆலய நிர்வாகங்களிலும் வாசகர் வட்டங்களிலும் முன்னாள் மாணவர் சங்கங்களிலும் பொறுப்பில் இருக்கும் உங்கள் எல்லாருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். உங்களில் பலர் எனக்கு நண்பர்கள். சிலர் என் வகுப்பில் உட்கார்ந்து படித்தவர்கள். அந்த உரிமையில் நேராகவே பேசுகிறேன்.

பொதுக்கூட்டப் பருவம் வந்தால் ஒரு வாக்கியம் தவறாமல் காதில் விழுகிறது. “நல்ல யோசனைதான், ஆனா பெரியவங்க ஒத்துக்க மாட்டாங்க.” உபயப் பதிவை இணையத்துக்குக் கொண்டுபோகலாமா என்று ஒருவர் கேட்டால் இதுதான் பதில். ஒரு பெண்ணைப் பொருளாளராக்கலாமா என்று கேட்டாலும் இதுதான். 25 வயதுப் பையனுக்குச் செயலவையில் ஓர் இடம் கேட்டாலும் இதுதான். கணக்கறிக்கையை ஆண்டுக்கு ஒருமுறைக்குப் பதில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிவிப்புப் பலகையில் ஒட்டலாமே என்று ஒருவர் சொன்னபோதும் இதே பதிலைக் கேட்டேன். கணக்கை ஒட்டினால் எந்தப் பெரியவருக்கு மனம் நோகும் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. செயலவைக்கே ஒரு மாற்றம் வேண்டும் என்றால் பெரியவர்களின் பேச்சே எழுவதில்லை. ஒரு கோயிலில் அர்ச்சனைச் சீட்டு முகப்பைத் திடீரென்று மூடிவிட்டு, கியூஆர் அட்டை ஒன்றை மட்டும் ஒட்டிவைத்தார்கள். கையில் பத்து ரிங்கிட்டை வைத்துக்கொண்டு ஒரு பாட்டி அந்த அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். பின்னால் நின்ற பெண் தன் கைப்பேசியில் கட்டி உதவினார், அது வேறு விஷயம். அந்த முகப்பை மூடுவதற்கு முன்னால் அந்தப் பாட்டியின் வயதில் இருக்கும் யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருப்பார்களா? வேண்டாத மாற்றத்துக்குப் பெரியவர்களைக் காட்டி மறுப்பு, வேண்டிய மாற்றத்துக்கு அவர்களைக் கேட்காமலே முடிவு. இரண்டிலும் அவர்கள் வாயைத் திறக்க இடமே இல்லை.

வயதும் மாற்றமும் பற்றி நாம் எல்லாரும் நம்பிக்கொண்டிருப்பது ஒன்று. இளைஞர்கள் மாற்றத்தை விரும்புவார்கள், வயது ஏற ஏற மனிதர் இறுகிப்போவார், எழுபதில் முழுக்க இறுகிவிடுவார் என்பது. நானும் நீங்களும் இப்படிச் சொல்லிக் கேட்டே வளர்ந்தோம். ஆனால் ஆய்வுகள் சொல்வது வேறு. அமெரிக்க உளவியல் அறிஞர்கள் பென்னி விஸ்ஸர், ஜான் க்ராஸ்னிக் இருவரும் 1998இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். எந்த வயதில் ஒருவர் தம் கருத்தை மாற்றிக்கொள்ளத் தயாராக இருக்கிறார், எந்த வயதில் பிடித்த பிடியை விடமாட்டார் என்று பார்த்த ஆய்வு அது. இளமையில் கருத்து இளகியிருக்கிறது, அதில் வியப்பில்லை. நடுவயதில் அது இறுகி உச்சத்துக்குப் போகிறது. அப்புறம் முதுமையில் மறுபடி இளகுகிறது. அதாவது எழுபத்தைந்து வயதுக்காரரின் மனத்தை மாற்றுவது ஐம்பது வயதுக்காரரின் மனத்தை மாற்றுவதைவிட எளிது.

ஏன் அப்படி என்ற கேள்விக்கு, 2009இல் ஏஷியா ஈட்டன் என்பவர் இவர்களோடு சேர்ந்து வெளியிட்ட ஆய்வு ஒரு பதில் தருகிறது. நடுவயதில்தான் மனிதர் கையில் அதிகாரம் சேர்கிறது. வேலையிடத்தில் மேலாளர், வீட்டில் முடிவெடுப்பவர், சங்கத்தில் பொறுப்பாளர். பொறுப்பில் இருப்பவர் உறுதியாக இருக்க வேண்டும் என்று சுற்றியிருப்பவர்கள் எதிர்பார்க்கிறார்கள். அவரும் தம்மிடம் அதையே எதிர்பார்க்கிறார். சொன்ன சொல்லை மாற்றினால் மதிப்புப் போய்விடும் என்று தோன்றுகிறது. பொறுப்புகள் கையை விட்டுப் போகும் வயதில் அந்தக் கட்டாயமும் போய்விடுகிறது.

இதைப் படித்தபோது உங்கள் முகங்கள்தான் எனக்கு நினைவுக்கு வந்தன. கோபத்தோடு சொல்லவில்லை. உங்கள் வயதில் எவ்வளவு சுமை என்று எனக்குத் தெரியும். வீட்டுக்கடன், பிள்ளையின் பல்கலைக்கழகக் கட்டணம், அப்பாவை மாதாமாதம் மருத்துவமனைக்குக் கூட்டிப்போவது, இதற்கிடையே வார இறுதியில் சங்க வேலை. சம்பளம் இல்லாத வேலை, நன்றி சொல்ல ஆளில்லாத வேலை. இந்த நிலையில் யாராவது வந்து படிவத்தை மாற்று, விதியைத் திருத்து, சங்கப் பதிவிலாகாவுக்குப் புதுக் கடிதம் எழுது என்றால் சலிப்பு வரத்தான் செய்யும். அந்தச் சலிப்பைச் சலிப்பு என்றே சொல்லுங்கள், நாங்கள் புரிந்துகொள்வோம். பெரியவர்களின் பெயரில் ஏன் கையெழுத்துப் போடுகிறீர்கள்?

நான் போயிருந்த ஒரு பொதுக்கூட்டத்தில் இது வெளிச்சத்துக்கே வந்தது. கணினிக் கணக்கியல் படித்த ஓர் இளம்பெண்ணைப் பொருளாளராக முன்மொழிந்தார்கள். மேடையில் இருந்த ஒருவர், “மூத்தவங்க மனசு சங்கடப்படும்மா, அடுத்த தவணை பாத்துக்கலாம்” என்றார். கடைசி வரிசையிலிருந்து ஓர் ஐயா கைத்தடியை ஊன்றி எழுந்தார். எண்பதைத் தாண்டியவர். செந்தூல் இரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். அவர் சொன்னதை முடிந்தவரை அவர் வாய்மொழியிலேயே தருகிறேன். “நான் வேலைக்குச் சேந்தப்ப கரி இஞ்சின். கை பழகுறதுக்குள்ள டீசல் இஞ்சின் வந்துருச்சு. திரும்ப உக்காந்து படிச்சோம். அப்பறம் மின்சார ரயிலு. இப்ப பட்டறையே இங்க இல்ல, பேராக்குல இருக்குற பத்து காஜா ஊருக்குப் போயிருச்சு. இவ்வளவும் பாத்தவன் ஒரு புள்ள கணக்கு எழுதுனா சங்கடப்படுவேனா? மூத்தவங்கன்னா யாரு? என்னையா சொல்றீங்க? என்னைய யாரு கேட்டா?”

மண்டபம் அமைதியாகிவிட்டது. அந்தப் பெண் பொருளாளரானார்.

அந்த ஐயாவைப் போன்றவர்கள் நம் ஒவ்வோர் அமைப்பிலும் இருக்கிறார்கள். அவர்கள் கடந்துவந்த மாற்றங்களோடு ஒப்பிட்டால் நாம் பயப்படும் மாற்றங்கள் எல்லாம் அற்பம். இன்று எண்பதுகளில் இருப்பவர்கள் ஜப்பானியர் ஆட்சியில் கைக்குழந்தைகள். 1957இல் கொடி மாறியதைப் பள்ளிப் பிள்ளைகளாகப் பார்த்தவர்கள். 1960களின் கடைசியில் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி வேண்டும் என்று சட்டம் வந்து, கூடப் பிறந்தவர்கள் கப்பலேறி இந்தியா போனதைத் துறைமுகத்தில் நின்று பார்த்தவர்கள் அவர்களுக்குள் உண்டு. தங்கள் பிள்ளைகளின் இடைநிலைப்பள்ளி ஆங்கிலத்திலிருந்து மலாய்க்கு மாறியபோது, அந்த மொழியில் பாடம் சொல்லித்தர வீட்டில் ஆளில்லாமலே பிள்ளைகளைக் கரையேற்றியவர்கள். ரப்பரை வெட்டிச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டார்கள், வேலை முறையே மாறியது. தோட்டத்தை விற்று வீடமைப்புத் திட்டம் போட்டார்கள், தோட்டக் குடியிருப்பான லயத்தைக் காலி செய்து நகரத்தின் அடுக்குமாடிக்கு வந்தார்கள். அங்கே மின்தூக்கி கெட்டுப்போனால் படியேறினார்கள். இதில் எந்த மாற்றத்துக்கும் யாரும் அவர்களிடம் சம்மதம் கேட்கவில்லை. எல்லாவற்றையும் பழகிக்கொண்டார்கள்.

வயதானால் எதுவுமே மாறுவதில்லை என்று நான் சொல்லவரவில்லை. மாறத்தான் செய்கிறது. புதிய விஷயத்தை வேகமாகப் பிடித்துக்கொள்ளும் திறன் இளவயதிலேயே மெல்ல இறங்கத் தொடங்கிவிடுகிறது. சேர்த்துவைத்த அறிவும் சொல்வளமும் அறுபதைத் தாண்டியும் நன்றாகவே நிற்கின்றன. புதிய அனுபவங்களைத் தேடிப்போகும் ஆவல் முதுமையில் கொஞ்சம் குறைகிறது என்றும் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆவல் குறைவது ஒன்று, எதிர்ப்பது வேறொன்று. ஊட்டிவிட்டாலும் வேண்டாம் என்பவரையும், தேடிப்போக மாட்டார் ஆனால் கொடுத்தால் சாப்பிடுவார் என்பவரையும் நாம் ஒரே பந்தியில் உட்காரவைத்துவிடுகிறோம்.

இங்கே லாரா கார்ஸ்டென்சன் என்ற ஆய்வாளரின் வேலை எனக்குப் பெரிய வெளிச்சமாக இருந்தது. முன்னால் இருக்கும் காலம் நீளம் என்று நினைப்பவர்கள் புதிய மனிதர்களையும் புதிய தகவல்களையும் தேடுகிறார்கள், காலம் குறுகியது என்று உணர்பவர்கள் மனத்துக்கு நெருக்கமானவர்களிடமும் நெருக்கமான செயல்களிடமும் திரும்புகிறார்கள் என்கிறார் அவர். இது வயதினால் வருவதா, காலத்தைப் பற்றிய உணர்வினால் வருவதா? அதைச் சோதிக்க ஹாங்காங் வாய்ப்பாக அமைந்தது. 1997இல் ஹாங்காங் சீனாவிடம் திரும்பப்போவதற்குச் சில மாதங்களுக்கு முன், ஒரு காலம் முடியப்போகிறது என்ற உணர்வு ஊரெங்கும் இருந்தபோது, இளைஞர்களும் முதியவர்களைப் போலவே தெரிந்த முகங்களையே நாடினார்கள். கைமாறி ஓராண்டு ஆனபின் பார்த்தால் இளைஞர்கள் பழையபடி புதியவர்களைத் தேடப் போய்விட்டார்கள்.

நாமும் இதைப் பார்த்தோம். கோவிட் பெருந்தொற்றுக்காக 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது எத்தனை இளைஞர்கள் ஆண்டுக்கணக்கில் பேசாத பாட்டியைத் தினமும் கூப்பிட்டார்கள்! அதே மாதங்களில் முதியவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள். போகும் இடத்தைப் பதிவு செய்யும் மைசெஜாத்ரா செயலியைக் கற்றுக்கொண்டார்கள். கடை வாசலில் கைப்பேசியை நீட்டி வருடினார்கள். கோயில் பூசையை முகநூல் நேரலையில் பார்த்துக் கற்பூரம் ஒற்றிக்கொண்டார்கள். வகுப்பு எதுவும் நடக்கவில்லை. காரணம் தெளிவாக இருந்தது, பக்கத்தில் சொல்லித்தர ஒரு பேரப்பிள்ளை இருந்தது, கற்றுக்கொண்டார்கள்.

பணி ஓய்வுக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை காலைகளில் செந்தூலில் ஒரு சிறு மண்டபத்தில் வயதானவர்களுக்குக் கைப்பேசி சொல்லிக்கொடுக்கிறேன். அங்கே கண்டதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் “கத்துக்க மாட்டேங்குறாங்க” என்று நீங்கள் சொல்வதில் பாதி, விரல் சம்பந்தப்பட்டது. ரவாங் பக்கம் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய ஓர் அம்மா வருகிறார். திரையைத் தொட்டால் அவர் நினைப்பது நடப்பதில்லை. “டீச்சர், இது என் கையை மதிக்கவே மாட்டேங்குதும்மா” என்றார் முதல் நாள். பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தேன். வயதானால் விரல் நுனி உலர்ந்துபோகிறது. உலர்ந்த தோலைத் தொடுதிரை சரியாக உணர்வதில்லை. அதனால் அழுத்தித் தொடுகிறார். அழுத்தும்போது விரல் ஒரு கணம் கூடுதலாகத் தங்கிவிடுகிறது. அதைக் கைப்பேசி நீண்ட அழுத்தம் என்று எடுத்துக்கொண்டு வேறு எதையோ திறக்கிறது. அவரோ தாம் ஏதோ கெடுத்துவிட்டோம் என்று பயந்து கையை எடுத்துக்கொள்கிறார். பார்ப்பவர்களுக்கு இது பிடிவாதம் போலத் தெரிகிறது.

ஆண்ட்ராய்டு கைப்பேசியின் அணுகல் அமைப்புகளில் தொட்டுப் பிடிக்கும் நேரத்தை நீட்டிவைக்க வழி இருக்கிறது. அதை நீட்டினோம், எழுத்தைப் பெரிதாக்கினோம், விரலை லேசாக ஈரத்துணியில் ஒற்றச் சொன்னேன். அடுத்த அரைமணி நேரத்தில் ஜோகூரில் இருக்கும் பேரனுக்குப் புலனத்தில் (வாட்ஸ்அப்) ஒரு குரல்பதிவு அனுப்பினார். அனுப்பியதைத் தாமே மறுபடி மறுபடி கேட்டார். மின்பணப்பை வேண்டுமா அம்மா என்று கேட்டேன். “அதெல்லாம் எனக்கெதுக்கு, மார்க்கெட்டுல காசு குடுத்தா வாங்கமாட்டாங்களா” என்றார். வேண்டியது எது, வேண்டாதது எது என்று அவருக்குத் தெளிவாகத் தெரிகிறது. கார்ஸ்டென்சன் சொன்னது என் கண்முன்னால் நடந்தது.

கட்டைவிரல் ரேகையும் அப்படித்தான். வாழ்நாள் முழுக்க மரமும் மண்ணும் சோப்பும் தொட்ட கைகளில் ரேகை தேய்ந்துபோகிறது, வயதும் அதைத் தேய்க்கிறது. நம் அடையாள அட்டையான மைகார்டை வைத்து ரேகையைப் பதியச் சொல்லும் முகப்புகளில் இவர்கள் மூன்று நான்கு தடவை விரலை வைத்து வைத்து எடுக்கிறார்கள், பின்னால் வரிசை முணுமுணுக்கிறது. வங்கிகள் குறுஞ்செய்தியில் வரும் ஓடிபி முறையைக் கைவிட வேண்டும் என்று நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2022இல் அறிவித்தது. மோசடிகளைத் தடுக்க அது தேவைதான். ஆனால் செயலிக்குள் போய் உறுதிசெய்யும் முறை வந்ததும், பத்தாண்டாகக் குறுஞ்செய்தி எண்ணைப் பார்த்துப் பார்த்து எழுதப் பழகியிருந்தவர்கள் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள். மாற்றம் சரியானது என்பதாலேயே அது எல்லாருக்கும் ஒரே விலையில் கிடைத்துவிடுவதில்லை.

நன்றாக நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். 2025 ஆகஸ்டு 31இலிருந்து 18 வயதும் அதற்கு மேலும் ஆன மலேசியர் ஒவ்வொருவருக்கும் அரசாங்கம் 100 ரிங்கிட் உதவி கொடுத்தது. அதை மைகார்டு வழியாகக் கொடுத்தார்கள். புதிய செயலி வேண்டியிருக்கவில்லை, புதிய அட்டை வேண்டியிருக்கவில்லை, பையில் ஏற்கெனவே இருந்த அட்டையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் அரிசி, எண்ணெய் வாங்க முடிந்தது. என் வகுப்பில் இதைப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை. மாற்றம் உள்ளே நடந்தது, அவர்கள் கையில் இருந்தது பழைய அட்டைதான். உபயப் படிவத்தையும் இப்படி யோசிக்கலாமே. பின்னால் கணினியில் ஏறட்டும், முன்னால் ஒரு மேசையும் ஒரு ஆளும் ஓராண்டுக்காவது இருக்கட்டும்.

இனி, பத்துமலை. 2018இல் குடமுழுக்கை ஒட்டி 272 படிகளுக்கும் வண்ணம் பூசியபோது நம் சமூகத்தில் எழுந்த வாக்குவாதம் உங்களுக்கு நினைவிருக்கும். மரபு போச்சு என்றார்கள், அழகு கூடியது என்றார்கள். பாரம்பரியத் துறையின் அனுமதி பற்றியும் கேள்வி எழுந்தது, அது நியாயமான கேள்வி. நான் சொல்லவந்தது வேறு. அந்தக் கான்கிரீட் படிகள் 1940இல்தான் வந்தன. அதற்கு முன் இருந்தது மரப்படி, அதுவும் 1920இல் போட்டது. அதற்கும் முன்னால் மலையேறியவர்கள் எப்படி ஏறினார்களோ! கீழே நிற்கும் 42.7 மீட்டர் முருகன் சிலை 2006 ஜனவரியில் திறக்கப்பட்டது. இன்று கல்லூரியில் படிக்கும் பிள்ளைக்கு அந்தச் சிலை இல்லாத பத்துமலை என்று ஒன்று இருந்ததே தெரியாது. நாளைக்கு யாராவது அதைக் கொஞ்சம் நகர்த்தலாம் என்றால் முதலில் சண்டைக்கு வருவது அந்தப் பிள்ளைகளாகத்தான் இருக்கும். நாம் வளர்ந்த காலத்தில் இருந்ததை என்றைக்கும் இருந்தது என்று நினைத்துவிடுகிறோம். இது பாட்டிக்கும் பொருந்தும், பேத்திக்கும் பொருந்தும். படிகளைப் பற்றி என் வகுப்பில் கேட்டபோது, வண்ணத்தைப் பற்றிப் பெரிதாக யாரும் பேசவில்லை. “ஏறத்தான் முடியல, மின்படிக்கட்டு வருதுன்னு சொன்னாங்களே, எப்ப வரும்?” என்றுதான் கேட்டார்கள்.

தமிழ்நாட்டில் 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. அப்புறம் நம் புத்தகங்களும் மாறின. என் வகுப்பில் கையெழுத்துப் போடும் மூத்தவர்கள் சிலர் இன்றும் தும்பிக்கை போட்ட பழைய ‘லை’யைத்தான் எழுதுகிறார்கள். பேரப்பிள்ளை புதிய வடிவில் எழுதிய பிறந்தநாள் வாழ்த்தைக் கடகடவென்று படிக்கிறார்கள். தங்கள் கை பழகியதை விடவில்லை, பிள்ளைகளை அதைப் பழகு என்று அதட்டவும் இல்லை.

இளைஞர்களைப் பற்றியும் பேச வேண்டும், ஏனென்றால் பெரியவர்களின் பெயரைச் சொல்லி நாம் மூடும் கதவு பெரும்பாலும் அவர்களுக்காகத் தட்டப்படும் கதவு. 2021 டிசம்பரிலிருந்து 18 வயதில் நாடாளுமன்றத்துக்கே வாக்களிக்கலாம். 2019இல் இளைஞர் வயது வரம்பை 40இலிருந்து 30ஆகக் குறைக்கும் சட்டத் திருத்தம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அது உடனே நடப்புக்கு வரவில்லை, ஒத்திப்போட்டுக்கொண்டே வந்தார்கள். நம் அமைப்புகளில் பாருங்கள், இளைஞர் பிரிவுத் தலைவருக்கு நாற்பத்தைந்து வயது, அவர் மகளுக்குப் பதினெட்டு. அவர் அந்த நாற்காலியை விடாததற்கும் பெரியவர்களுக்கும் என்ன சம்பந்தம்?

புதுமைகள் எப்படிப் பரவுகின்றன என்பதை 1950களிலிருந்து ஆராய்ந்த எவரெட் ரோஜர்ஸ், நூற்றுக்கணக்கான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர். புதியதை முந்தி எடுத்துக்கொண்டவர்களையும் பிந்தி எடுத்துக்கொண்டவர்களையும் வயது பிரிக்கவில்லை என்றார். படிப்பும் வசதியும் வெளியுலகத் தொடர்பும்தான் பிரித்தன. அப்படியானால் நாம் செய்ய வேண்டியது என்ன என்பதும் அதிலேயே இருக்கிறது. தொடர்பைக் கொடுப்பது நம் அமைப்புகளின் வேலை. அதற்காகத்தானே சந்தா கட்டுகிறோம்.

ஒலிவாங்கியில் “பெரியவங்களுக்கு இது புரியாது” என்று சொல்வதை மட்டும் இன்றோடு நிறுத்திவிடுங்கள். அவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டிருக்கிறார்கள், அவர்களுக்குக் கேட்கிறது. பெக்கா லெவி என்ற ஆய்வாளர் 2002இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் 50 வயதைத் தாண்டிய 660 பேர், முதுமை அடைவதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று முன்பே பதிவு செய்யப்பட்டவர்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து யார் எவ்வளவு காலம் இருந்தார்கள் என்று பார்த்தார். தம் முதுமையைப் பற்றி நல்லபடியாக நினைத்தவர்கள் மற்றவர்களைவிட ஏழரை ஆண்டு கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். உடல்நலம், வசதி போன்றவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் வேறுபாடு மறையவில்லை. உன்னால் முடியாது, உனக்குப் புரியாது என்று ஒருவரிடம் வாராவாரம் சொல்லிக்கொண்டிருந்தால் அவர் ஒருநாள் அதை நம்பத்தான் செய்வார். என் வகுப்புக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் வாசலிலேயே “நமக்கு இதெல்லாம் ஏறாது டீச்சர்” என்று சொல்லிக்கொண்டுதான் வருகிறார்கள். அது அவர்களுடைய சொல் இல்லை, வெளியில் கேட்டுவந்த சொல்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. யோசனை ஒன்று வரும்போது பெரியவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று உங்களில் ஒருவர் சொன்னால், எந்தப் பெரியவரை, எப்போது கேட்டீர்கள் என்று செயலாளர் கேட்டு, பதிலைக் கூட்டக் குறிப்பில் எழுதட்டும். கேட்கவில்லை என்றால் கேட்கவில்லை என்றே எழுதட்டும். கேட்பதற்குப் புலனக் குழுவில் ஒரு செய்தி போட்டால் போதாது. அர்ச்சனை முடிந்து மண்டபத்தில் சாப்பிட உட்காரும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்து கேளுங்கள். வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேளுங்கள். அந்த ஏன் என்பதில் பெரும்பாலும் மிக எளிய ஒன்று இருக்கும், எழுத்து சின்னதாக இருக்கிறது, இரவு எட்டு மணிக் கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போக ஆளில்லை என்பது போல. உண்மையாகவே ஒரு வழக்கம் போவதில் வருத்தம் இருந்தாலும் அதையும் கேளுங்கள். அந்த வருத்தத்தில் நீங்கள் கவனிக்காமல் விட்ட ஒரு நல்ல காரணம் இருக்கலாம். எல்லா மாற்றமும் நல்ல மாற்றம் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை.

அப்புறம், சங்க விதியைத் திருத்தும்போது ஒரு பொறுப்பில் ஒருவர் எத்தனை தவணை இருக்கலாம் என்று வரம்பு வையுங்கள். செயலவையில் 30 வயதுக்குக் கீழ் இருவருக்கும் 70 வயதுக்கு மேல் இருவருக்கும் இடம் ஒதுக்குங்கள். ஆலோசகர் என்று ஒரு பட்டம் கொடுத்து மாலை போட்டு முன்வரிசையில் உட்காரவைப்பதை நான் சொல்லவில்லை, வாக்குரிமையோடு கூடிய இடத்தைச் சொல்கிறேன். மேலே சொன்ன ஆய்வுப்படி பார்த்தால் அந்த நான்கு பேரும்தான் உங்கள் மேசையில் ஒரு புதிய யோசனையைத் திறந்த மனத்தோடு கேட்கக்கூடியவர்கள்.

பணியில் இருந்து ஓய்வு பெறும் வயது 60. உங்களில் பலருக்கு அது தொலைவில் இல்லை. இன்று நீங்கள் எழுதும் விதிகளின்படிதான் நாளைக்கு உங்களையும் நடத்துவார்கள், உங்கள் பெயரைச் சொல்லித்தான் யாரோ ஒருவர் எதையோ மறுப்பார்.

எங்கள் வகுப்பு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு. எந்தச் செயலவையாவது உபயப் பதிவையோ உறுப்பினர் பதிவையோ இணையத்துக்கு மாற்றப்போகிறது என்றால், அந்தப் படிவத்தை அறிவிப்பதற்கு முன்னால் எங்கள் மண்டபத்துக்குக் கொண்டுவாருங்கள். அச்சடித்த தாளில் இருந்தாலும் சரி, கைப்பேசியில் இருந்தாலும் சரி. வருகிறவர் இளைஞராக இருந்தால் இன்னும் நல்லது. மூத்தவர்கள் ஒவ்வொருவராக நிரப்பிப் பார்ப்பார்கள், எங்கே கை நிற்கிறது, எங்கே கேள்வி கேட்கிறார்கள் என்று நீங்கள் குறித்துக்கொள்ளலாம். ஒரு மணி நேரம் போதும். தேநீரும் பலகாரமும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
செந்தூல், கோலாலம்பூர்